நல்லெண்ணத்தில் விழுந்த அடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என் ஆறு வயது மகனை அடித்தேன். புதிய வெர்ஷன் சர்வரில் ஏறாமல் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் மேலாளர். இவன் நாற்காலியை இழுக்க, மேசையிலிருந்த தண்ணீர் கீபோர்டில் கொட்டிவிட்டது. முதுகில் ஒன்று வைத்தேன். பெரிய அடியில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸ் எடுக்கக் கையைத் தூக்கினேன். பயல் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "உன்னை அடிக்காமலா வளத்தோம்? அடியாத மாடு படியாதுடா." நான் படிந்தது உண்மைதான். ஆனால் அடியால்தான் படிந்தேனா? ஒப்பிட்டுப் பார்க்க, அடி வாங்காமல் வளர்ந்த இன்னொரு நான் இல்லையே.

இதையே அவனுடைய டீச்சர் செய்திருந்தால் மறுநாள் பள்ளி வாசலில் போய் நின்றிருப்பேன். சட்டமும் என் பக்கம் இருக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. வீட்டுக்கு வந்தால் கதை வேறு. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பெற்றோர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமல்ல என்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தருவது போன்றவற்றுக்கு இது தேவைதான். ஆனால் அதே குடைக்குள் என் கையும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

நல்லெண்ணம் என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அன்று சர்வர் ஒழுங்காக ஓடியிருந்தால் அடித்திருப்பேனா? மாட்டேன். துண்டை எடுத்துத் துடைத்திருப்பேன். அப்படியானால் அந்த அடி அவன் செய்த தப்புக்கு விழுந்ததல்ல. மேலாளரிடம் காட்ட முடியாத கோபம் அது. திருப்பி அடிக்க முடியாத ஆள் வீட்டில் அவன் ஒருவன்தான்.

சரி, அரசாங்கம் உள்ளே வரட்டுமா? அங்கேயும் எனக்குப் பயம் உண்டு. 2011இல் நார்வேயில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அங்குள்ள குழந்தைகள் நலத்துறை பிரித்துக் கொண்டுபோனது இங்கே பெரிய கொந்தளிப்பானது. தவிர, நம்மூரில் இப்படியொரு அதிகாரம் வந்தால் அது முதலில் தட்டப்போவது அபார்ட்மெண்ட் கதவையா, குடிசைக் கதவையா என்று நமக்கே தெரியும்.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1979இல் பெற்றோர் அடிப்பதை உலகிலேயே முதலாவதாகத் தடை செய்த நாடு அது. அந்த வரியை எழுதியது தண்டனைச் சட்டத்தில் அல்ல, பெற்றோர் பற்றிய குடும்பச் சட்டத்தில். அதற்கெனத் தனித் தண்டனை கிடையாது. காயப்படுத்தினால் எப்போதும்போல் குற்றவியல் சட்டம் பார்த்துக்கொள்ளும். பால் அட்டைப்பெட்டிகளில் செய்தியை அச்சிட்டு எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுபோனார்கள்.

தண்டனை இல்லாத சட்டம் எதுக்குன்னு கேட்கலாம். என் வீட்டுக்குப் போலீஸ் வர வேண்டாம். ஆனால் நான் கை ஓங்கும்போது, "பரவாயில்லை, நல்லதுக்குத்தானே" என்று சட்டமும் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். அந்த ஒரு சாக்கு இல்லாமல் போனால், அடித்த பிறகு என்னிடம் மிஞ்சுவது அடித்தேன் என்பது மட்டும்தான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றான். கையைத் தூக்கினால் தோள் இன்னும் குறுகுகிறது.