மரப்பாவையின் வினை

பாவை ஒன்று கொலை செய்தால் அந்த வினை பாவையைச் சேருமா, அதை இயக்கியவனைச் சேருமா என்ற கேள்வி, 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பப்பெட் மாஸ்டர்' என்னும் குறைந்த செலவுத் திகில் படவரிசையில் பலமுறை எழுந்தும் முழுமையாக எதிர்கொள்ளப்படாமலே நிற்கிறது. சார்ல்ஸ் பேண்டின் ஃபுல் மூன் நிறுவனம் தொடக்கத்தில் திரையரங்குகளை நம்பாமல் வீடியோ கேசட்டாகவே விற்ற இப்படங்களின் மையத்தில் இருப்பவன் ஆந்த்ரே துலோன் என்னும் பொம்மலாட்டக் கலைஞன். இறந்தவர்களின் உயிரை ஒரு மருந்துநீரின் துணையால் மரப்பாவைகளுக்குள் ஏற்றும் மறைவித்தை அவன் கைவசம் இருக்கிறது. அப்பாவைகளுள் ஒரு கையில் கத்தியும் மறுகையில் கொக்கியும் கொண்ட 'பிளேடு' என்பதைத் தனிநாயகனாக்கி, 2020இல் ஜான் லெச்சாகோவின் இயக்கத்தில் 'பிளேடு: தி அயர்ன் கிராஸ்' என்ற கிளைப்படமும் வந்தது. மலிவான படங்கள் என்பதால் இவற்றின் கேள்வியும் மலிவானது என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. சமயச் சிந்தனை நெடுங்காலம் சுமந்துவந்த ஒரு சிக்கல் இங்கே மரத்தாலும் ரப்பராலும் உருவம் பெற்றிருக்கிறது.

டேவிட் டிகோட்டோ இயக்கிய மூன்றாம் படமே (1991) இவ்வரிசையைப் போர்க்காலத்துக்குள் கொண்டுசென்றது. 1941ஆம் ஆண்டின் பெர்லினில், இறந்த போர்வீரர்களின் உடல்களை மீண்டும் எழுப்பி முன்னணிக்கு அனுப்பும் ஆய்வில் நாஜி அரசு ஈடுபட்டிருக்கிறது. அதற்குத் துலோனின் இரகசியம் தேவைப்படுவதால் கெஸ்டபோ, அதாவது அரசின் இரகசியக் காவல்துறை, அவனைத் தேடிவர, அந்த மோதலில் அவன் மனைவி எல்சா கொல்லப்படுகிறாள். அவள் உயிரை ஒரு பாவைக்குள் ஏற்றிவிட்டு அவன் பழிவாங்கப் புறப்படுகிறான். இங்கே படம் தானே உணராத ஓர் ஒற்றுமை இருக்கிறது. நாஜிகள் விரும்புவது உயிரின் விருப்பம் நீங்கிய உடலை. துலோன் ஆள்வது தன் உடலை இழந்த உயிரை. ஆனால் செத்தவரையும் ஓய்வுகொள்ள விடாமல் போருக்கு அனுப்புவதில் இருவரும் ஒன்றே. பிளேடின் முகம் துலோனைத் துன்புறுத்தும் மேஜர் கிராவுஸின் முகத்தை ஒத்திருக்க, அதனுள் இருப்பதோ அந்த நாஜி ஆய்வில் பணியாற்றிப் பின் துலோனின் பக்கம் சாய்ந்த டாக்டர் ஹெஸ்ஸின் உயிர். கொடியவனின் முகமும் மனம் மாறியவனின் உயிரும் ஒரே மரத்துண்டில் கூடும்போது, அதன் கை செய்யும் கொலையை யார் கணக்கில் எழுதுவது?

யூத மரபில் இதற்கு நெருங்கிய கேள்வி கோலெம் பற்றியது. கோலெம் என்பது புனித எழுத்துகளின் ஆற்றலால் களிமண்ணிலிருந்து எழுப்பப்படும் மனித உருவம். யூத சமய நூலான தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதியில், அறிஞர் ராவா படைத்த ஒரு மனிதனிடம் ரபி செய்ரா பேசிப்பார்க்கிறார். அது மறுமொழி தராததால் மண்ணுக்கே திரும்பும்படி கட்டளையிடுகிறார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த சட்ட அறிஞர் சுவி அஷ்கெநாசி, கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் கோலெமைச் சேர்க்கலாமா என்று ஆராய்ந்தபோது இந்நிகழ்வையே சான்றாக்கினார்: தாயின் கருவில் உருவாகாத அதை அழித்தது கொலையாகக் கருதப்படவில்லை, ஆகவே அது எண்ணிக்கையில் சேராது. கோலெமுக்கு உயிர் இல்லாததால் அதன் செயலுக்கான பொறுப்பு படைத்தவனிடமே தங்கிவிடுகிறது. துலோனின் பாவைகளும் பேசுவதில்லை. ஆயினும் அவற்றுள் இருப்பது வாழ்ந்து மடிந்த மனிதர்களின் உயிர் என்பதால், செய்ராவின் சோதனை அவற்றிடம் செல்லாது. பேச்சின்மை அங்கே வெறுமையின் அடையாளம். இங்கே அது வாய் அடைக்கப்பட்ட ஒருவரின் மௌனமாகவும் இருக்கலாம்.

பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலின் முதற்பகுதியில் மனிதனையே தெய்வங்களின் பாவையாக உருவகிக்கிறார். ஆசையும் அச்சமும் இரும்புபோன்ற முரட்டுக் கயிறுகளாக வெவ்வேறு பக்கம் இழுக்க, அறிவு மட்டும் மென்மையான பொற்கயிறாக இருப்பதால், மனிதன் தானே முன்வந்து அதற்குத் துணைநிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இழுபடும் நிலையிலும் எந்தக் கயிற்றுக்கு இசைவது என்ற தேர்வு எஞ்சியிருக்கிறது என்பதே இதன் உட்பொருள். இவ்விடத்தில் 1990இல் வந்த இரண்டாம் படம் வியப்பூட்டும் அளவுக்குப் பிளேட்டோவை நெருங்குகிறது. மீண்டும் உயிர்பெற்ற துலோன் பாவைகளைத் தன் சுயநலத்துக்காகவே பயன்படுத்துகிறான் என்று தெரிந்ததும், அவை அவனுக்கு எதிராகவே திரும்பிவிடுகின்றன. மறுக்கத் தெரிந்த உயிருக்குப் பொறுப்பும் உண்டு. அந்தக் கணத்திலிருந்து கருவி என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தாது.

போர்க்களம் வந்ததும் அந்த மறுப்பு பின்னுக்குப் போகிறது. எதிரில் நிற்பவன் நாஜி என்பதாலேயே ஒவ்வொரு கொலையும் முன்கூட்டியே மன்னிக்கப்பட்டுவிடுவதால், பாவைக்குத் தேர்வு வேண்டும் என்று கதைக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அந்தப் போரின் முடிவில் உலகம் எதிர்கொண்டது இதே சிக்கலைத்தான். 1945 ஆகஸ்ட் 8 அன்று போர்க்குற்ற விசாரணைக்காகக் கையெழுத்தான இலண்டன் சாசனத்தின் 8ஆம் பிரிவு, மேலிடத்து ஆணைக்குப் பணிந்தேன் என்பது குற்றவாளியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டுமே கருதப்படலாம் என்றது. அதாவது, தன்னைப் பிறர் கைப் பாவையாகச் சொல்லித் தப்பும் வழியை அது அடைத்தது. 2018இல் இப்படவரிசையைப் புதிதாகத் தொடங்கிய 'தி லிட்டிலஸ்ட் ரைக்' படத்தில் துலோனே நாஜியாக்கப்பட, அவனுடைய பாவைகள் யூதர்களைத் தேடிக் கொல்கின்றன. பாவையின் அறம் அதை ஏவும் கையின் அறம் மட்டுமே என்று கொண்டால், இந்தத் திருப்பத்துக்கு எதிராகச் சொல்வதற்கு எதுவும் இல்லாமற்போகும்.

உண்மையான போரில் பாவைகள் வேறுவிதமாகவும் பங்கேற்றன. ஸ்பெய்பல், ஹுர்வீனெக் என்ற தந்தை-மகன் பாவைகளைப் படைத்த செக் கலைஞர் யோசெஃப் ஸ்குபா, நாஜி ஆக்கிரமிப்பின்போது மறைபொருள் கொண்ட நாடகங்களை நடத்திவந்து 1944இல் கைதானார். டிரெஸ்டன் சிறையில் இருந்த அவர் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சின்போதுதான் தப்பினார். அவருடைய பாவைகள் எவரையும் கொல்லவில்லை; மக்களைச் சிரிக்கவைத்தன. 1991ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்திலும் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. பெர்லின் குழந்தைகளின் முன்னே துலோன் நடத்தும் சிறு கூத்தில் ஆறு கைகளில் துப்பாக்கி ஏந்திய ஒரு பாவை ஹிட்லர் பாவையைச் சுட்டு வீழ்த்த, குழந்தைகள் மகிழ்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரியின் வழியாகத்தான் கெஸ்டபோ துலோனின் வாசலுக்கு வருகிறது.