திருத்தும் கண்

முகம் வரையப் பழகுபவர் பெரும்பாலும் கண்களை மேலே ஏற்றிவிடுகிறார். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் அவை இருக்கின்றன; முகம் என்றாலே கண், மூக்கு, வாய் என்று மனம் எண்ணுவதால் நெற்றி சுருங்கிப்போகிறது. இப்படியே நூறு படம் போட்டாலும் பிழைதான் கைப்பழக்கமாகும். வரையும்போதே படத்தைக் கண்ணாடியில் பார்க்கவும், பிறர் கருத்தைக் கேட்கவும் லியனார்டோ டா வின்சி ஓவியர்களுக்குச் சொன்னது இதற்காகவே. கேட்டுக் கேட்டுத் திருத்தினால் தனித்தன்மை போய்விடாதா? சார்ல் பார்கின் பயிற்சித் தாள்களை 1880-இல் பார்த்துப் பார்த்து வரைந்தவர்தான் வான்கா. அவருடைய கோட்டை எவரும் இரவல் என்றதில்லை. படம் முடிந்ததும் 'நன்றாயிருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், 'எங்கே பிசகு?' என்று கேளுங்கள்.