எந்த ஊரைப் பார்க்கப் போவது?

இந்த வருசம் நான் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறேன். மாநாடு இல்ல, கருத்தரங்கு இல்ல, எந்த அமைப்பும் டிக்கெட் எடுத்துத் தரல. நாலு வருசம் சீட்டுக் கட்டி எடுத்த பணம். பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி ஆம்ஸ்டர்டாமில் நர்சாக இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு நாள் லீவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன்னா இதை வெளியே சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு. சேதி தெரிந்த தோழர் ஒருவர் கேட்டார்: “நம்ம சனம் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு இன்னும் இருக்கு. ஒங்களுக்கு வெனிஸ் கேக்குதா தோழர்?” பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கோடை லீவுக்குக் கொடைக்கானல் போகிற வாத்தியாரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஓய்வு, வேடிக்கை, சும்மா உட்கார்ந்திருத்தல் இதெல்லாம் சிலருக்குப் பொறப்புலயே பட்டா போட்டுக் கொடுத்தது. நாம மட்டும் ஒண்ணு கூலியில இருக்கணும், இல்லைனா போராட்டத்துல இருக்கணும். எங்கம்மா கரும்பு வெட்டப் போயிருக்கிறாள், செங்கல் சூளைக்குப் போயிருக்கிறாள், பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒரு ஊரைப் பார்க்கணும்னு ஒரு ஊருக்கும் போனதில்லை. அதுவும் நமக்கு மறுக்கப்பட்டதுதான். அதனால போகலாமா கூடாதா என்பதை நான் முடித்துவிட்டேன். போறேன். முடிக்க முடியாத கேள்வி வேற: எந்த ஊருக்கு?

டிராவல்ஸ்காரர் ஒரு தாளை நீட்டினார். எட்டு நாள், ஆறு நாடு. பாரிசில் கோபுரம், சுவிட்சர்லாந்தில் பனி, ரோமில் இடிஞ்ச மண்டபம், வெனிசில் படகு. எல்லாம் அழகுதான். ஆனா ‘ஊர்’ங்கிற சொல்லே நமக்கு ஒரு சிக்கல். நம்ம பேச்சுல ஊர் வேற, சேரி வேற. ஊருக்குள்ள போறோம்னு சொன்னா நாம இல்லாத இடத்துக்குள்ள போறோம்னு அர்த்தம். அந்தச் சொல்லோட வளர்ந்தவளுக்கு எந்த நகரத்தின் படத்தைக் காட்டினாலும் முதல்ல வர்ற கேள்வி, இங்க சேரி எங்க இருந்துச்சு என்பதுதான்.

அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு நான் ஒரு பட்டியல் போட்டேன்.

முதலில் வெனிஸ். 1516இல் அந்த நகரத்து ஆட்சியாளர்கள் யூதர்களை ஒரு சின்னத் தீவில் ஒதுக்கினார்கள். ‘கெட்டோ’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். பகலில் அவர்களுடைய வைத்தியமும் கடனும் ஊருக்கு வேணும். பொழுது சாஞ்சா கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்தக் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்ததும் உள்ளே பூட்டப்பட்ட யூதர்களே. பக்கவாட்டில் இடம் கிடையாது, சனம் பெருகியது. மாடி மேல் மாடியாக, தலை தட்டுகிற உயரத்தில் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். 1797இல் நெப்போலியனின் படை வந்தபோதுதான் கேட்டுகள் போயின. இதுவும் நம்ம சேரியும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். அங்கே ஞானஸ்நானம் வாங்கியவர் அந்தக் கேட்டுக்கு வெளியே குடியேற முடிந்தது. இங்கே மதம் மாறியவர்களுக்கும் கல்லறையில் சுவர் எழுப்பினார்கள். வித்தியாசத்தையும் பார்க்கணும்.

இரண்டாவது ஆம்ஸ்டர்டாம். வாய்க்கால் ஓரமா அடுக்கின அந்த வீடுகள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு வியாபாரிகள் கட்டியவை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை இடம் அங்கேதான் இருந்தது. அதே நூற்றாண்டில் அதே கம்பெனி நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டி, பஞ்ச காலத்தில் சோத்துக்கில்லாத சனங்களை வாங்கி, அடிமையாக பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றியது. அவர்களில் நம்ம ஆளுக எத்தனை பேர் என்று யார் எழுதி வைத்தார்கள்? பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குச் சித்திரம் செதுக்கிய கல்லறைகள் இருக்கின்றன. கப்பல் ஏறியவர்களுக்கு ஒரு கல் இல்லை. 1863இல் டச்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தபோது நட்ட ஈடு போனது எசமானர்களுக்கு. சுரினாமில் விடுதலையானவர்கள் இன்னும் பத்து வருசம் ஒப்பந்தத்தில் உழைக்க வேண்டியிருந்தது. 2021இல் ஆம்ஸ்டர்டாம் மேயரும் 2023இல் அந்நாட்டு அரசரும் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். வீடுகள் அப்படியேதான் நிற்கின்றன.

மூன்றாவது பிராக். நகரத்துக்குத் தெற்கே லெட்டி என்று ஒரு கிராமம். 1942–43இல் ரோமா மக்களை அங்கே ஒரு முகாமில் அடைத்தார்கள். ஆட்சி ஜெர்மன்காரனுடையது, ஆனால் காவல் காத்தது செக் போலீசு. ஆயிரத்து முன்னூறு பேருக்குக் கிட்டத்தட்ட உள்ளே இருந்தார்கள். முன்னூறு பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். மிச்சப் பேரில் நூற்றுக்கணக்கானவர்களை ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்தில் 1970களில் பன்றிப் பண்ணை கட்டினார்கள். ரோமா மக்கள் வருசக்கணக்காகக் கத்தின பிறகுதான் 2022இல் அதை இடிக்க ஆரம்பித்து, 2024இல் நினைவிடம் திறந்தார்கள்.

இப்படியே பிரஸ்ஸல்ஸ், ஆஷ்விட்ஸ் என்று பட்டியல் நீண்டது. அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுட்டு அவள் சொன்னாள்: “காசக் குடுத்து எழவு வீடு எழவு வீடாவா போகப் போற? சிரிக்கிற ஊரு ஒண்ணு கூடவா இல்ல அங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அம்மா சொன்னதில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்க தெருவில் வீடுகளை எரித்தார்கள். மறுவாரம் வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள். நல்லவர்கள்தான், நமக்காகப் பேசியவர்கள்தான். அதில் ஒருத்தர் எங்க பாட்டியிடம், “இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, இப்ப கேமரா ரெடி” என்றார். பாட்டி இன்னொரு தடவை சொன்னாள், இன்னொரு தடவை அழுதாள். போகும்போது அவர்கள் வேன் கண்ணாடி வழியாகக் கை ஆட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. இப்ப நான் அந்த வேனில் உட்காரப் போறேனா?

மேலத்தெருக் கண்ணால் பார்த்தால் அரண்மனை மட்டும் தெரியும். அந்தக் கேமராக் கண்ணால் பார்த்தால் புண் மட்டும் தெரியும். ரெண்டிலும் அங்க வாழ்ந்த மனுசர் தெரிய மாட்டார். வெனிஸ் கெட்டோவில் செபக்கூடங்கள் இருந்தன, புத்தகங்கள் எழுதப்பட்டன, பிள்ளை பிறந்தது, கல்யாணம் நடந்தது. நம்ம சேரியிலயும் அப்படித்தானே?

ஜெர்மனியில் நடந்த ஒரு சர்ச்சையையும் இங்கே சொல்லணும். நாஜிகள் கொண்டுபோனவர்களின் பெயரைப் பித்தளையில் பொறித்து, அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல் நடைபாதையில் பதிக்கிறார்கள். ஐரோப்பா முழுக்க லட்சம் கல்லுக்கு மேல் பதித்தாகிவிட்டது. ஆனால் மியூனிக் நகராட்சி பொதுத் தெருவில் பதிக்க விடவில்லை. செத்தவர்களின் பெயரை மறுபடியும் காலால் மிதிப்பதா என்று அங்குள்ள யூதச் சமூகத் தலைவரே எதிர்த்தார். கல் வேணும்னு கேட்ட குடும்பங்களும் அதே நகரத்தில் இருந்தன. இழந்தவர்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. பன்னிரண்டு நாள் லீவில் போகிற நான் ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாது.

கடைசியில் பட்டியலை வெட்டினேன். பிரஸ்ஸல்ஸ் போச்சு. பரீட்சைக்கு மார்க் சேர்க்கிற மாதிரி அதைச் சேர்த்திருக்கேன் என்று எனக்கே தெரிந்தது. ஆஷ்விட்சையும் எடுத்துவிட்டேன். பதினோரு லட்சம் பேரைக் கொன்ற இடம். காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி ஓட்டலில் சாப்பிடுகிற மாதிரி ஒரு திட்டத்துக்குள் அதை என்னால் வைக்க முடியவில்லை. லெட்டி மட்டும் அப்படி இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்கே செத்தவர்களின் மேல் இவ்வளவு காலம் பன்றி மேய்ந்தது என்பதால், ஒரு ஆள் போய் நின்றாலும் அது ஒரு மரியாதை என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். கேமராவை ரூமில் வைத்துவிட்டுப் போவேன்.

ஆக மூன்று ஊர், ஒவ்வொன்றிலும் நாலு நாள். மூன்று ஊரிலும் ஒரு நாளை ஒதுக்கிவிட்டேன். அன்னைக்கு யாருடைய கணக்கையும் நான் கேட்கப் போவதில்லை. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். அந்த ஒரு நாளுக்கு நான் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தத் தோழருக்கும்தான்.

பட்டியல் முடிந்ததும் அம்மா கேட்டாள்: “தண்ணி மேல ஊரு கட்டியிருக்காமே, நெசமா? அத நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு.” பார்த்துவிட்டு வந்து சொல்வேன். கேட்டைப் பூட்டினதையும் சொல்வேன். அடுத்த சீட்டை அம்மா பேரில் கட்டுகிறேன். தோழர்களே, நீங்களும் கட்டுங்க.