மட்டையடி நாள்

பங்குனி உத்திரம். ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதி வாசலில், பெருமாளும் தாயாரும் ஊடும் மட்டையடி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மிதிபட்ட பூவும் நார் பிரிந்த வாழைமட்டையும் தரையெல்லாம் கிடந்தன. தூண் நிழல் பார்த்து இருவர் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மற்றவன் பள்ளியில் அவரிடம் படித்தவன். இப்போது தில்லைநகரில் வேலை. நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம்.

சீடன்: ஐயா, பெருமாளே இப்படி விளையாடுகிறாரே, நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா?

ஆசிரியர்: என்ன செய்தாய்? முதலில் அதைச் சொல்.

சீடன்: ஏப்ரல் ஒன்றாம் தேதி. நண்பன் ஒருவனை விட்டு அவளுக்குப் போன் போடச் சொன்னேன். பால்பண்ணை ரவுண்டானாவில் நான் வண்டியோடு விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். ஆட்டோ பிடித்து வந்தாள். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் சிரித்துவிட்டோம். நான் வீடியோகூட எடுத்தேன்.

ஆசிரியர்: அவள்?

சீடன்: ஒன்றும் சொல்லவில்லை. கடை வாசலில் இருந்த குழாயில் கை கழுவினாள். அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இன்றுவரை போனை எடுக்கவில்லை.

ஆசிரியர்: கையை ஏன் கழுவினாள்?

சீடன்: சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. விரலில் தயிர்ச்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

(ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை.)

ஆசிரியர்: கை கழுவக்கூட நிற்காமல் ஓடிவந்திருக்கிறாள்.

சீடன்: விளையாட்டுக்குத்தானே ஐயா. கலித்தொகையில் நீங்களே நடத்தினீர்களே, குறிஞ்சிக்கலியில் கபிலர் பாட்டு. சின்ன வயதில் அவள் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், பிறகு தண்ணீர் கேட்டு வீட்டுக்கே வந்து அவள் கையைப் பிடிக்கிறான். அவனை அவள் வெறுக்கவா செய்தாள்?

ஆசிரியர்: பாட்டை நன்றாக நினைவு வைத்திருக்கிறாய். பாதியை மட்டும். கையைப் பிடித்ததும் அவள் என்ன செய்தாள்?

சீடன்: அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

ஆசிரியர்: அம்மா ஓடி வந்தாள். அந்த நிமிஷம் அவன் மானம் யார் வாயில் இருந்தது? உள்ளதைச் சொல்லியிருந்தால் ஊரே கூடியிருக்கும். தண்ணீர் குடிக்கும்போது விக்கல் எடுத்தது என்று அவளாகச் சொன்னாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த விளையாட்டில் கத்துகிற உரிமையும் அவளிடம், காப்பாற்றுகிற உரிமையும் அவளிடம். டீக்கடையில் அவளிடம் என்ன இருந்தது? நீங்கள் எத்தனை பேர்?

சீடன்: ஐந்து பேர்.

ஆசிரியர்: ஐந்து பேரும் ஒரு கேமராவும்.

சீடன்: ஆனால் ஐயா, அவள் எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்கிறவள்தான். அவள் தங்கையின் குரலில் பேசினால் கோபம், சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கோபம். ‘சும்மா சொன்னேன், இதுக்குப் போயா?’ என்றால் கோபம் இன்னும் ஏறுகிறது.

ஆசிரியர்: வள்ளுவர் காட்டுகிற பெண்ணை நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ! புலவி நுணுக்கம் படித்துப் பார். அவன் தும்மினால் அழுகிறாள், எவளோ உன்னை நினைத்தாள் என்று. அவன் தும்மலை அடக்கினாலும் அழுகிறாள், எவளோ நினைப்பதை எனக்கு மறைக்கிறாய் என்று. இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்று ஆசையாகச் சொன்னால், அப்படியானால் மறுபிறவியில் பிரிவாயா என்று கண் நிறைய நீர் கொள்கிறாள். பத்துக் குறளிலும் தேடு. இதற்குப் போயா அழுகிறாய் என்று அவன் ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. தும்முவதா வேண்டாமா என்று திணறுகிறானே தவிர, அவள் அழுகை பொய் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அவன் எனக்குப் பிடித்துப்போகிறான்.

சீடன்: நான் அப்படிச் சொல்வது தப்பா?

ஆசிரியர்: உன் கேலியைவிட அந்தச் சொல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, தம்பி. கேலி செய்து ஒருமுறை குத்துகிறாய். ‘இதுக்குப் போயா’ என்று சொல்லி, வலித்ததாகச் சொல்லும் உரிமையையும் பிடுங்கிக்கொள்கிறாய். அதற்குமேல் அவள் என்ன செய்வாள்? கோபப்பட்டால் சிடுமூஞ்சி, சிரித்தால் தனக்கே துரோகம். மிச்சம் இருந்தது ஒரு குழாய், ஒரு ஆட்டோ.

சீடன்: சிரிப்பே வேண்டாம் என்கிறீர்களா?

ஆசிரியர்: ஐயையோ, சிரிப்பில்லாத வீட்டில் எவன் இருப்பான்? தொல்காப்பியர் மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு. குழந்தைத்தனமும் அதில் ஒன்று, எள்ளலும் அதில் ஒன்று. வெளியே கேட்கிற சத்தம் ஒன்றுதான். ஊற்று வேறு வேறு. நீ அவள் முன்னால் குழந்தையாகி அவளைச் சிரிக்க வைத்தால் அது ஒன்று. அவளை நடுவில் நிறுத்தி மற்றவர்களைச் சிரிக்க வைத்தால் அது வேறு. விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம்தான் என்று பண்புடைமையில் வள்ளுவர் சொல்வது இந்த இரண்டாவதை.

சீடன்: நான் அவளை இகழவில்லையே. பொய்தானே சொன்னேன்.

ஆசிரியர்: அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்தாயே. உனக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் அது. அவள் உன்மேல் வைத்ததிலேயே விலை கூடியது அதுதான். நாளைக்கு நிஜமாகவே நீ விழுந்து போன் வந்தாலும் ஓடிவருவாள், சந்தேகமில்லை. ஆனால் எழுந்திருக்கும் முன் ஒரு கணம், இவன் எங்கேயாவது உட்கார்ந்து சிரிக்கிறானோ என்று நினைப்பாள். அந்த ஒரு கணம் இதுவரை அவளிடம் இல்லை. நீ கொடுத்தாய்.

(சீடன் தலைகுனிந்திருந்தான். சற்றுத் தள்ளி ஒரு பாட்டி, தரையில் கிடந்த மட்டை ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்துக்கொண்டாள்.)

ஆசிரியர்: பெருமாளே விளையாடுகிறார் என்றாயே. இன்று அவர் எங்கே நின்றார் என்று பார்த்தாயா?

சீடன்: வாசலுக்கு வெளியே.

ஆசிரியர்: மூன்று நாளைக்கு முன் காவிரியைக் கடந்து உறையூர் போய், ஆயில்ய நட்சத்திரத்தில் அங்குள்ள தேவி கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டவர். இன்று இங்கே வருகிறார். தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். தாயார் தரப்பில் கேள்விமேல் கேள்வி. பெருமாள் தரப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு. உன் பொய்யைவிட அழகான சாக்குகள். ஆனால் கதவு திறப்பது அவற்றாலா? பூவும் மட்டையும் வந்து விழ, பல்லக்கில் முன்னே போவதும் பின்வாங்குவதுமாக நிற்கிறார். 236 அடி ராஜகோபுரத்துக்கும் ஏழு பிராகாரத்துக்கும் உரியவர். தாயாரோ படிதாண்டாப் பத்தினி என்று பெயர் வாங்கியவள், சன்னதியை விட்டு வெளியே வராதவள். அவள் வீட்டு வாசலில் அவருக்கு அதிகாரம் இல்லை. ‘இதுக்குப் போயா’ என்று இந்த ஊர்ப் பெருமாள் கேட்டதில்லை. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் ஒன்றாக வீற்றிருக்கும் சேர்த்தி அதற்குப் பிறகுதான். ராமானுஜர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தது இந்தச் சேர்த்தியின்போது என்பார்கள். சரணாகதி கேட்க அவர் பார்த்துவைத்த நேரம், ஊடல் தீர்ந்த நேரம்.

சீடன்: நான் போய் மன்னிப்புக் கேட்டால் போதுமா?

ஆசிரியர்: அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா?

சீடன்: இருக்கிறது. குரூப்பில் போட்டேன். அங்கே எடுத்துவிட்டேன். என் போனில் இருக்கிறது.

ஆசிரியர்: சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்.

(அவன் பார்த்தான். சிரிப்புச் சத்தம் இல்லாத திரையில் ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி, ரோட்டில் இங்கும் அங்கும் கண்ணால் தேடினாள். வலது கையை, எதன்மேலும் பட்டுவிடாமல், உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அவன் அதை மறுபடி பார்த்தான். பிறகு அழித்தான்.)

சீடன்: ஐயா, அவள் வீடு உறையூரில்தான். இப்போதே போகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

ஆசிரியர்: அவள் பேசி முடிக்கிறவரை எதுவும் சொல்லாதே. நடுவில் சிரிக்க வைக்கப் பார்க்காதே. உனக்கு அது கஷ்டம், தெரியும்.

சீடன்: கதவையே திறக்காவிட்டால்?

ஆசிரியர்: வெயில் ஏறிவிட்டது. என் குடையை எடுத்துக்கொண்டு போ.