ஆறடி இரண்டு அங்குலம்

எங்கள் ஊரில் வளர்ச்சியை எண்ணிக்கையில்தான் சொல்வார்கள். "நாலு மெஷின்ல ஆரம்பிச்சாருங்க, இன்னைக்கு நானூறு" என்றால் ஒருவரின் வாழ்க்கை வரலாறே முடிந்தது. அப்படிப்பட்ட திருப்பூரில், கடலில் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டிருந்த நான், வாடகைக்கு எடுத்து வந்த எட்டடிப் பலகையை விட்டுவிட்டு ஆறடி இரண்டு அங்குலத்தில் சொந்தமாக ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெருசுக்குக் காசு பத்தலையா கண்ணு?"

விரும்பித்தான் சின்னதாக வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் வேலை எனக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடிந்ததும் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். காலையில் சென்ட்ரல், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம். அம்மாவுக்கு இன்றைக்கும் அது கேரளத்துக் கோவளம்தான். சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர் அதே பெயரில் இருப்பதையும், அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் முன்நின்று ஊர்ப் பையன்களுக்கு சர்ஃபிங் சொல்லிக்கொடுத்ததையும் பலமுறை விளக்கிவிட்டேன். "கடல் எங்கிருந்தா என்ன, பத்திரமா வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெரிய பலகை புதியவனை மன்னிக்கும். உடம்பு முழுவதையும் தூக்கி மிதக்கவிடும். அலை மடிந்து உடைவதற்கு வெகு முன்பே அதைப் பிடித்துக்கொள்ளும். எழுந்து நிற்க நேரம் தரும். ஆனால் திரும்பு என்றால் லாரி மாதிரி திரும்பும். செங்குத்தாக எழும் அலையில் மூக்கைக் குத்திக்கொள்ளும். உடைந்து வரும் நுரைக்கு அடியில் அதை அமுக்கிக்கொண்டு முங்கவும் முடியாது. சின்னப் பலகையில் இதெல்லாம் முடியும். பதிலுக்கு அது மிதப்பை எடுத்துக்கொள்ளும்: அதன்மேல் உட்கார்ந்தால் நெஞ்சு வரை தண்ணீர். அலையைக் கடைசி நொடியில்தான் பிடிக்க முடியும், அதற்குள் கைகள் இரண்டு மடங்கு வேகமாகத் துழாவியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பலகையின் கன அளவை லிட்டரில் எழுதியே விற்கிறார்கள். புதியவர் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு லிட்டர், தேர்ந்த கை என்றால் அரை லிட்டருக்கும் கீழே என்று ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. நான் எழுபத்தெட்டு கிலோ. வாங்கியது முப்பது லிட்டர். இந்தக் கணக்கு தெரிந்தே வாங்கினேன் என்பதுதான் வெட்கம்.

அளவு என் பிழைப்பு. டி-ஷர்ட்டின் மார்பளவை கைக்குழிக்கு ஒரு அங்குலம் கீழே டேப் வைத்து எடுக்க வேண்டும். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் என்று மூன்று முறை பார்த்தும் அரை அங்குலம் கூடினால் பையர் திருப்பி அனுப்பிவிடுவார். அதே பையர் நாட்டுக் கடைகளில் நடக்கும் வேடிக்கையும் எனக்குத் தெரியும். 1958இல் அமெரிக்க அரசு வெளியிட்ட பெண்கள் உடை அளவுத் தரத்தில் 8 என்ற எண்ணுக்கு மார்பு 31 அங்குலம், இடுப்பு இருபத்து மூன்றரை. இன்றைக்கு 8 என்று லேபிள் தைத்த பாவாடையில் அந்த இடுப்பைத் தேடினால் கிடைக்காது. துணி அகலமாகிக்கொண்டே போனது, எண் மட்டும் அப்படியே நின்றது. உடம்பைச் சின்ன எண்ணால் கூப்பிட்டால் மனம் குளிர்கிறது. கம்பெனிக்காரனுக்கும் வியாபாரம் ஆகிறது. இருபது வருடமாக இதைச் சொல்லிச் சிரித்தவன், கடற்கரையில் அதே லேபிளுக்கு மயங்கினேன்.

என்னை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பழைய ஹவாயில் பெருமை நேர்மாறாக இருந்தது: மிக நீளமான ஓலோ பலகை தலைவர்களுக்கே உரியது, குட்டையான அலாயாதான் மற்றவர்களுக்கு. 1966 உலகப் போட்டியில் ஆஸ்திரேலியர் நாட் யங் வழக்கத்தைவிட மெல்லிய ஒன்பதடிச் சொச்சப் பலகையில் அலையை வெட்டித் திருப்பி ஜெயித்தார். அடுத்த சில வருடங்களில் பலகைகள் ஏழடிக்கும் கீழே சுருங்கின. ஒரு தலைமுறைக்கே சின்னது என்றால் தேர்ச்சி என்றாகிவிட்டது. கட்டுமரக்காரர்களிடம் இந்தக் கிறுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. போகிற ஆளையும் தொழிலையும் பார்த்து மூன்று மரமோ ஐந்து மரமோ சேர்த்துக் கட்டினார்கள்.

எட்டடியில் ஒரு காலைப் பொழுதுக்குப் பத்துப் பன்னிரண்டு அலை பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆறடியில் இரண்டு கிடைத்தது. சில மாதம் அதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்கும் பையன் ஒருநாள் தோளைத் தட்டிச் சொன்னான்: "அண்ணா, தெனம் ரெண்டு வேளை தண்ணியில கெடக்குற தோளுக்குச் செஞ்சதுண்ணா இது. மாசத்துக்கு ஒருவாட்டி வர்றீங்க. ஒரு ஏழரை பாருங்க." அவன் வயது என் சர்வீஸைவிடக் குறைவு. கோபம் வந்தது. என் மேஜையில் எத்தனை பேருக்கு "இது உங்களுக்கு சைஸ் இல்லீங்க" என்று சொல்லியிருப்பேன்.

ஆனாலும் ஏழரை வாங்கவில்லை. காரணம் ஒரே ஓர் அலை. ஒரு ஜூன் மாதம், காற்று இன்னும் எழும்பாத காலை. பாறைமுனையைச் சுற்றி வந்த அலை, நான் எதுவும் செய்ததாக நினைவில்லை, காலுக்கடியில் பலகை இருந்தது. பின்காலை லேசாக அழுத்தினேன். திரும்பியது. எட்டடியில் நான் பலகைமேல் பயணி. அன்றைக்கு, மூன்று நொடி இருக்கும், இடம் வலம் என் கையில் இருந்தது. அப்புறம் விழுந்தேன், கொஞ்சம் உப்புத்தண்ணீர் குடித்தேன், வாரம் முழுக்கக் கட்டிங் மேஜையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது வெறும் லேபிள் மயக்கம்தான் என்று இப்போது சொன்னால் பொய்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அதே மாதக் கடைசியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் 50 சதவீத வரி வந்தது. எங்கள் ஊரில் நாற்பது மெஷின் வைத்திருந்த நண்பர் ஒருவர் பதினெட்டை மட்டும் ஓட்டினார். "சின்னதாக்கிட்டேன் மாஸ்டர், நல்லதுதான்" என்றார். கடலில் நான் கற்ற பாடத்தை அவரிடம் சொல்ல வாய் எடுத்து அடக்கிக்கொண்டேன். விரும்பிச் சுருக்கியவன், சுருக்கப்பட்டவனுக்குத் தத்துவம் சொல்லக் கூடாது. டீக்கு அவரைக் காசு கொடுக்க விடவில்லை, அதோடு சரி.

வேலை குறைந்ததால் அந்தச் செப்டம்பரில் இரண்டு முறை போக முடிந்தது. இரண்டாம் முறை கடல் சோர்ந்து கிடந்தது. முழங்கால் உயர அலை, அதுவும் வெகு நேரத்துக்கு ஒன்று. ஆறடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பையன், ஐந்தே முக்காலில் சுழன்று பறக்கிறவன், தலைமேல் ஒன்பதடிப் பலகையைச் சுமந்துகொண்டு வந்தான்.

"என்னப்பா, நீயா இதுல?"

"இன்னிக்கு அலை சின்னதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினான். மூன்றாவது அலையில் எழுந்து, பலகையின் மூக்கு வரை பொறுமையாக நடந்துபோய், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் வாடகைக் கொட்டகைக்கு ஓடினேன். எட்டடிகள் எல்லாம் போயிருந்தன.