ஊர்த்தொண்டும் ஊழியமும்

பட்டினத்தில் வாழ்வோர் தம் ஒழுங்கையைத் தாமே கூடித் திருத்துதல் தகுமோ, அன்றி அது நகரசபையார்க்கே உரிய கருமமோ என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. வரி இறுத்தோம், இனிக் குப்பையும் வாய்க்காலும் சபையார் பொறுப்பு என்பர் ஒரு சாரார். சபையார் வருமளவும் காத்திருப்பின் நோய் முந்திவரும் என்பர் மற்றொரு சாரார். இருதிறத்தார் கூற்றும் பொய்யன்று. ஆயினும் இருவரும் ஒரே பொருளைப்பற்றிப் பேசுகின்றனரா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்க, அதனையே நம் முன்னோர் கிணறு தோண்டி மொண்டு பருகினர். நகரத்து வளவுகளோ சிறியன. ஒருவர் மலகூடக் குழிக்கும் அயலவர் கிணற்றுக்கும் இடையே பலவிடத்தும் ஒரு மதிலே உளது. மதில் பார்வையை மறைக்குமேயன்றி மண்ணின்கீழ்ச் செல்லும் நீரை மறிக்கமாட்டாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பின் செய்தியும் அத்தன்மைத்தே. அது சாக்கடையை நாடுவதன்று. சிரட்டையிலும், பழைய டயரிலும், கூரைப் பீலியிலும் தேங்கிய தெளிந்த நீரிலே முட்டையிடுவது. முட்டை நுளம்பாதற்குப் பத்து நாட் போதும். பிறந்த இடத்தினின்றும் பெரும்பாலும் இருநூறு மீற்றருக்கு அப்பாற் செல்லாது. ஆகவே, எம்மைக் கடிக்கும் நுளம்பு எம் வளவிலோ எம் அயலவர் வளவிலோ வளர்ந்ததேயாம். நகரசபை ஊழியர் ஒவ்வொரு வீட்டுச் சிரட்டையையும் கவிழ்க்க வருவாரென்று எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வளவிற் கூடியுழைத்தல் கடமை என்பது பெறப்பட்டது. நிற்க. கடமை என்னும் சொல்லை வைத்துக்கொண்டு பிறரை வேலைக்கு இழுத்தல் வேறொரு காரியம்.

இலங்கையிலே இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டு கழியுமுன், 1848இல், தேசாதிபதி டொரிங்டன் வீதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், செய்யாதார் 3 சிலிங் கட்டுதல் வேண்டும் என்பது அதன் விதி. கேட்பதற்குச் சமநீதி போலத் தோன்றும். நடந்ததோ, காசுடையான் காசைக் கொடுத்து வீட்டிலிருக்க, இல்லாதான் வெயிலிலே கல்லுடைத்தமையாம். அவ்வாண்டிற் கண்டி நாட்டில் எழுந்த கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம். இன்று சிரமதானம் என்று அழைக்குமிடத்தும், மாடிவீட்டார் சோடாப் போத்தல்களை அனுப்பிவிட்டு அகன்றிருக்க, ஒழுங்கையின் கடைக்கோடியில் உள்ளாரே மண்வெட்டி பிடிப்பராயின், அது பெயர்மாறிய இராசகாரியமன்றிப் பிறிதென்ன?

இனி, தாமே செய்தல் சபையாரின் கடமையைத் தளர்த்திவிடாதா என்னும் ஐயத்தை நோக்குவாம். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வரலாறு இதற்கு நல்ல விடை. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்து இலவசமாகப் படிக்கக் கொடுத்தார். பின் ஊர்ப்பெரியோர் கூடி, 1934இல் ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறை ஒன்றில் 844 நூல்களுடன் அதனைத் திறந்தனர். 1935ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நகரசபையிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒப்புவித்தோம், இனி எமக்கென்ன என்று அவர்கள் இருந்துவிடவில்லை. கட்டடம் வேண்டியபோது களியாட்டு விழாக்கள் நடத்திப் பொருள் திரட்டினர். 1959இல் மண்டபம் திறக்கப்பட்டது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது ஊரார் தம் வீட்டில் தீப்பட்டாற்போலத் துடித்தமைக்கு, அது ஒருகாலத்தில் ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டதும் ஒரு காரணமென்றே நாம் எண்ணுகின்றோம்.

பிறநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே அறியத்தக்கது. கராச்சி நகரின் ஒரங்கி என்னும் எளியோர் குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீத் கான் என்பார் பணிதொடங்கினார். அங்கே கழிவுநீர் ஒழுங்கைகளிலேயே ஓடிற்று. மக்களோ, அரசினர் இலவசமாகக் குழாய் பதித்துத் தருவர் என்று பார்த்திருந்தனர். கான் அவர்கள் பணம் கொடுத்தாரல்லர். அளவெடுக்கும் முறையும் கருவிகளும் ஆலோசனையுமே கொடுத்தார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வோர் ஒழுங்கையாரும் தமக்கொரு பொறுப்பாளரைத் தெரிந்து, தம் காசைச் சேர்த்துத் தாமே குழாய் பதித்தனர். இதிலே நாம் மிகவும் மதிப்பது அவர் வகுத்த எல்லையையே. வீட்டின் மலகூடமும், ஒழுங்கைக் குழாயும், அவை சேரும் சிறு வாய்க்காலும் குடியிருப்போர் பங்கு. அனைத்தையும் கொண்டுசெல்லும் பெருவாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசின் பங்கு. தம் பங்கை முடித்துவிட்டுச் சென்று மற்றப் பங்கைக் கேட்பாரை எந்த அதிகாரியும் எளிதில் மறுத்தனுப்பவியலாது. முன்சொன்ன இருசாராருக்கும் இடையேயுள்ள வழக்கு இவ்வெல்லை வகுக்கப்படாமையால் எழுந்ததே.

சென்னையிலே 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கமும் இவ்வாறே தெருத்தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்தது. மாதச்சந்தா திரட்டிக் குப்பை அள்ளுவோரை அமர்த்தி, அவரைத் தெருவை அழகுசெய்வோர் என்று அழைத்தது. பெயர் நல்லதே. எனினும் கையுறையும் தக்க கூலியும் இன்றிப் பெயர் மாத்திரம் உயர்ந்தாற் பயன் சிறிது. நம் நகரத்தின் கதையும் இதனின் மேம்பட்டதன்று. துப்புரவு செய்வாரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி, அவர் கைபட்ட வீதியில் நாம் தூய்மையாக நடந்துவந்தோம். அப்பர் சுவாமிகளின் திருக்கரத்தில் உழவாரம் இருப்பதை நாடோறும் கண்டு வணங்குவோர், ஒழுங்கையில் மண்வாரி பிடித்தவனை வாசலுக்குள் வரவொட்டாதது வியப்பன்றோ! ஆண்டிலொருநாள் நாம் விளக்குமாறு எடுத்துப் புகைப்படத்துக்கு நிற்பதனால் எஞ்சிய 364 நாளும் அதனை எடுப்பவனுக்கு யாது கிடைத்தது என்று வினாவுதல் தவறாகாது.

ஆசிரியர்கட்கு ஒன்று கூறவேண்டும். டெங்கு பரவுங் காலத்திலே மாணாக்கரை வரிசையாக வீதிக்கு அழைத்துச்சென்று குப்பை பொறுக்குவித்தலைப் பலவிடத்துங் காண்கின்றோம். மறுக்கவியலாத சிறுவனிடம் பெறும் வேலை தொண்டாகாது. பெற்றோர் திண்ணையிலிருந்து பார்த்திருக்கப் பிள்ளை வாய்க்காலில் இறங்குதல் நாணத்தக்கது. அதனினும் அவனுக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொடுத்து, தன் ஒழுங்கையின் படத்தை வரைந்துவரச் செய்யலாம். ஒரங்கியிலும் இளைஞரே ஒழுங்கைகளை அளந்து படம் வரைந்தனர். கிணறுகள் எவ்வெவ்விடத்தன, குழிகள் எவ்விடத்தன, மதகு எங்கே அடைபட்டது, மழைநீர் எப்பக்கம் ஓடுகின்றது என்பனவெல்லாம் அதிலே குறிக்கப்படுக. பிள்ளை அதனை வீட்டிற் காட்டும்போது, தம் கிணற்றருகே வரையப்பட்ட அயலவர் குழியைப்பற்றியே தந்தையார் முதலில் வினாவுவார். அவருடைய குழி எவர் கிணற்றுக்கு அருகில் உளதென்பதும் அத்தாளிலேயே இருக்கும்.