உடலும் அயலும்

நாட்டை உடலாகவும் வெளியிலிருந்து வருவோரை நோய்க்கிருமியாகவும் உருவகப்படுத்திப் பேசும் வழக்கம் பழையது. ஹிட்லரின் ஜெர்மனியில் யூத மக்களைக் கிருமி என்றும் ஒட்டுண்ணி என்றும் எழுதினர். அச்சொற்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை உலகம் அறியும். அத்துணைக் கொடுமைக்குச் செல்லவில்லை எனினும், 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை, பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. நமக்குப் பின் வந்து நம் தெருக்கோடியில் குடிசை போட்டவரைப் பற்றி நாமே அத்தகைய சொற்களை ஆளுவதும் உண்டு. ஆதலின், அவ்வுருவகம் எவ்வளவு தூரம் செல்லும் என்று வினவுவது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. உடல் உண்மையிலேயே அயலை வெறுக்கின்றதா?

பள்ளிப் பாடநூல்கள் உடலை ஒரு கோட்டையாகவும், தோலை மதிலாகவும், வெள்ளணுக்களைக் காவலராகவும் காட்டின. அப்படம் முற்றிலும் பொய்யன்று. முள் குத்திய இடத்தில் சில மணி நேரத்திற்குள் வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்குகின்றன. அவற்றின் பிணக்குவியலே நாம் காணும் சீழ். ஆனால், இதுவரை கண்டிராத பகைவனைக் காவலன் எங்ஙனம் இனங்காண்பான்? உலகில் எத்தனை வகைக் கிருமிகள் உண்டு என்று உடலுக்குத் தெரியாது. எனவே அது மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துக் கலைத்து அடுக்கி, கோடிக்கணக்கான வடிவங்களில் உணர்விகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. எந்தப் பூட்டு வரும் என்று தெரியாமலே சாவிகளைச் செய்து குவிக்கும் கொல்லனின் வேலை இது. இவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு செய்த சாவிகளுள் சில, சொந்த வீட்டுப் பூட்டுக்கே பொருந்திவிடும் அன்றோ? ஆகவே பகைவனை அறிவது மட்டும் உடலின் சிக்கலன்று. தன்னைத் தானே கொன்றுவிடாமல் காப்பதும் அதே அளவு பெரிய சிக்கல்.

இதற்கான பள்ளிக்கூடம் மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி. அங்கே வளரும் அணுக்களுள் சொந்த உடலை வன்மையாகப் பற்றுபவை பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. ‘தான்’ என்பது உடலுக்குக் கருவிலேயே தெரிந்த ஒன்றன்று, கற்றுக்கொண்ட ஒன்று என்பதே இதன் பொருள். 1945-இல் அமெரிக்காவின் ரே ஓவன், இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது இதன் முதல் தடயம் கிட்டியது. கருப்பையில் இரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரு கன்றுகளும், வளர்ந்த பின்னரும் ஒன்றன் இரத்த அணுக்களை மற்றொன்று எதிர்ப்பின்றித் தாங்கியிருந்தன. 1953-இல் மெடாவரும் அவருடைய தோழர்களும், கருவிலுள்ள எலிக்கு வேற்றின எலியின் அணுக்களைச் செலுத்தினர்; வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை அந்த எலி தன் தோலாக ஏற்றது. இக்கொள்கையை முன்னரே வகுத்திருந்த பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் 1960-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அயன்மை என்பது பிறப்பிலேயே எழுதப்பட்ட சாதி அன்று. எப்போது அறிமுகமாயிற்று என்பதையும் பொறுத்தது.

1974-இல் கான்பெராவில் டோகர்ட்டியும் சிங்கர்நாகெலும் கண்டது இதனினும் வியப்பானது. தீநுண்மி புகுந்த அணுவை டி அணு வெறுமனே இனங்கண்டுவிடுவதில்லை. அந்த அணு தன் உடலுக்குரிய அடையாளப் புரதத்தின்மேல் தீநுண்மியின் துணுக்கை ஏந்திக் காட்டினால்தான் அறிகிறது. அதே தீநுண்மி அயல்வகை எலியின் அணுவில் இருந்தால் அது கண்டுகொள்வதே இல்லை. தன்னை அறியாமல் அயலை அறியும் வழி அவ்வணுவுக்கு இல்லை என்றே சொல்லவேண்டும்.

அப்படியானால் உடலை ஒரு சான்றோனாகக் கொண்டாடலாமா? அதுவும் பொருந்தாது, இங்குதான் நம்மவருள் சிலர் அவசரப்படுகின்றனர். தைமஸில் நுழையும் அணுக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறாமல் மடிகின்றன. அங்கே மேல்முறையீடு கிடையாது. உடன்பிறந்தான் அன்போடு ஈந்த சிறுநீரகத்தையும் உடல் படையெடுப்பாகவே கொள்ளும். 1954-இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடையே நடந்ததால்தான் நிலைத்தது. பிறர் கொடையைப் பெற்றோர் இன்றும் எதிர்ப்பை அடக்கும் மருந்தை நாள்தோறும் உட்கொள்கின்றனர். வந்ததன் நோக்கத்தை அறியும் ஆற்றல் வெள்ளணுவுக்கு இல்லை. மனிதர்க்கு இருக்கிறது; ஆகவே மனிதர் செய்வதற்கு வெள்ளணுவைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று. அழைப்போர், அதன் சாட்சியத்தை முழுமையாகவேனும் கேட்கட்டும்.

காவல் மிகுந்தாலும் கேடுதான். சிறுவர்க்கும் வரும் முதல்வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பவை உடலின் சொந்தக் காவலரே. 2020-இல் கோவிட் நோய் முற்றிச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடம், எதிர்ப்பைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. காவலரை அடக்கும் காவலராகிய ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காகவே 2025-இல் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றனர். நம் குடலிலோ, உடலணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நார்ச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. அவற்றை ஒழிப்பதன்று, எல்லை கடவாமல் பார்த்துக்கொள்வதே அங்கே உடலின் வேலை.

இனி, கருவுற்ற தாயை நோக்குவோம். கருவின் மரபில் பாதி தந்தையுடையது. தாயின் உடலுக்கு அது அயல். ஆயினும் நஞ்சுக்கொடியும் மேற்சொன்ன ஒழுங்குபடுத்தும் அணுக்களும் துணைநிற்க, அக்கருவைப் பத்துத் திங்கள் உடல் சுமக்கிறது. பிரசவத்தோடு அத்தொடர்பு அறுந்துவிடுவதும் இல்லை. ஆண்மகவை ஈன்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் இரத்தத்தில், ஆணின் அடையாளம் தாங்கிய அணுக்கள் உயிரோடு இருந்ததை 1996-இல் டயானா பியாங்கி குழுவினர் அறிவித்தனர். இருபத்தேழு ஆண்டுகள் என்றால், மகன் படித்து முடித்து, வேலை தேடி வேற்றூர் சென்று, அங்கே குடும்பமும் அமைத்துக்கொள்ளும் காலம்.